குண்டூசியில் தொங்கிய கடல்

ஸ்டெல்லா அக்கா என் தெர்மோகோல் பலகையைப் பார்த்தாள். நெற்றியில், நெஞ்சில், இரண்டு தோளிலும் விரலை வைத்துச் சிலுவை போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது யாருக்க அஞ்சலி போர்டு மக்கா? நம்ம பக்கத்து ஆளா?" என்று கேட்டாள்.

அது அவள் தொடங்கப்போகிற சாப்பாட்டுக் கடைக்காக நான் செய்து வைத்திருந்த மூட் போர்டு.

என் வாழ்க்கையின் முதல் மூட் போர்டும் அதுதான். அதற்காக ஒரு வாரமாக எனக்குத் தூக்கமில்லை. அதைப் பெரிதாகச் சொல்லக்கூடாதுதான். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேனோ என்று சந்தேகம் வந்தாலே நான் தூங்க மாட்டேன். குடை தலைமாட்டில் இருந்தாலும்.

ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்ட கதையைப் போன இதழில் படித்துவிட்டு, பரீட்சைப் பயத்துக்காக யாராவது படிப்பை நிறுத்துவார்களா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நிறுத்துவார்கள் அம்மா. பரீட்சைக்கு முந்தின நாள் எனக்குச் சொல்லிவைத்தாற்போலக் காய்ச்சல் வரும். பரீட்சை முடிந்ததும் போய்விடும். டாக்டருக்கே அலுத்துப்போய், "இந்தப் பிள்ளைக்கு மருந்து வேண்டாம், பள்ளிக்கூடத்த நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா யோசிக்கவில்லை.

சரி, பலகைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

பாதியில் நின்ற வீடியோ

அப்போது நான் கருங்கல்லில் சாகுல் காக்காவின் ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன். அண்ணனைக் காக்கா என்பது தேங்காய்ப்பட்டணத்தில் அவர்கள் வீட்டு வழக்கம். கடைக்கு வருகிற எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். கல்யாணம், கால்பந்துப் போட்டி, கோயில் கொடை, பங்குத் திருவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே நாற்காலியில், ஒரே ஆளாகிய என்னால் செய்யப்பட்டன. காலையில் மணமகளுக்குப் போட்ட ரோஜாவை மத்தியானம் காலமானவருக்குப் போட்ட நாட்களும் உண்டு.

எனக்கு ஒரு நோய். எதையும் முடிவு செய்ய மாட்டேன். ஒரு கல்யாணக் கார்டு கேட்டால் பன்னிரண்டு மாதிரி செய்து வைப்பேன். பார்க்கிறவர் குழம்பிப்போய், "எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, ஒண்ணும் புரியல" என்று சாயா குடிக்கக் கிளம்பிவிடுவார்.

காக்கா ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார். "பிள்ளே, அந்த மனுஷனுக்கு ஒரு மகதான் உண்டு. நீ என்னத்துக்கு பன்னெண்டு கல்யாணம் நடத்துக?"

அந்தச் சமயத்தில்தான் கடை இன்டர்நெட்டில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. ஒரு வெள்ளைக்காரப் பெண் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து, படங்களையும் துணித் துண்டுகளையும் காய்ந்த இலைகளையும் பலகையில் குத்திக்கொண்டிருந்தாள். அவள் பேசியது எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. கைகள் புரிந்தன. டிசைன் செய்வதற்கு முன்னால், அதைப் பார்க்கிறவருக்கு என்ன தோன்ற வேண்டும் என்பதைத் துண்டு துண்டாகச் சேர்த்து முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும், வேலை பிறகு. அதன் பெயர் மூட் போர்டு.

முடிவெடுக்காமல் இருப்பதை இப்படி மரியாதையாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னை மாதிரி வெளிநாட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள்!

வீடியோ பாதியில் வட்டம் சுற்றத் தொடங்கி அப்படியே நின்றுவிட்டது. அதனால் மூட் போர்டை எப்படித் தொடங்குவது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எப்படி முடிப்பது என்பது அந்தப் பெண்ணோடு போய்விட்டது.

ஸ்டெல்லா அக்கா கேட்டது

ஸ்டெல்லா அக்கா கடலோரத்து இனயத்துக்காரி. குவைத்தில் ஒரு வீட்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள். ஊருக்குள் நுழைகிற ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு கடையைப் பிடித்திருந்தாள். மீன் சோற்றுக் கடை. மகள் பெயரில் 'ஷைனி உணவகம்'. போர்டு செய்ய வந்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மக்கா, இந்த ரோட்டுல எத்தன ஓட்டல் கெடக்கு. எல்லாத்துலயும் ஆம்பிளையளாக்கும். பொம்பளைய வாசல்ல நின்னு பார்சல் வாங்கிட்டுப் போவாவ. 'குடும்ப அறை'ன்னு எழுதி, பாத்திரம் கழுவுக எடத்துக்குப் பக்கத்துல ஒரு திரைய போட்டு வச்சிருப்பானுவ. அதுக்குள்ள இருந்து தின்னா களவாண்டு திங்குக மாதிரி இருக்கும். எனக்க கடையில பொம்பளைய வாசல் வழியா ஏறி, முன்னால இருந்து, மெதுவா தின்னணும். அப்பிடி அவியள உள்ள கூப்பிடுக மாதிரி ஒரு போர்டு வேணும்."

எனக்கு உடனே கேட்கத் தோன்றுவது ஒன்றுதான். "வரலேன்னா அக்கா?"

"நல்ல வாய் வச்ச, போ!" என்று தலையில் தட்டினாள். பிறகு நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தாள். "வரலேன்னா ஓணம் கழிஞ்சு திரும்பப் போணும். ஏஜென்ட் கூப்பிட்டுட்டுத்தான் இருக்கான். எனக்க பிள்ள பெரியவளானத போன்ல கேட்டவளாக்கும் நான். இனியும் போனா அவளுக்க கல்யாணத்தையும் போன்லதான் கேக்கணும்."

என் ஊர் திருவட்டாறுக்குப் போகிற பஸ்ஸில் அன்று எனக்கு உட்கார இடம் கிடைத்தது. ஆனாலும் நின்றுகொண்டேதான் போனேன். ஒரு தாயும் மகளும் ஒரே ஊரில் இருப்பதா வேண்டாமா என்பது என் கையில் இருந்தது. பன்னிரண்டு மாதிரி காட்டித் தப்ப முடியாத வேலை. மூட் போர்டுதான் வழி என்று முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்று எழுதும்போது இப்போதும் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது.

உணர்ச்சிக்கு எத்தனை மீட்டர்?

எனக்கு நிறங்களைக் கம்ப்யூட்டர் திரையில் நம்பிப் பழக்கமில்லை. திரையில் மஞ்சளாக இருப்பது பிரிண்டில் சாணி நிறத்தில் வரும். அதனால் பிளவுஸ் துணி விற்கிற மேட்சிங் கடைக்குப் போய் நீலத்தில் துண்டு துண்டாகக் கேட்டேன்.

"பிளவுஸுக்கா அக்கா?" என்றார் கடைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"இல்ல, ஒரு உணர்ச்சிக்கு."

அவர் துணியை அளக்கிற கோலோடு நின்றார். "உணர்ச்சிக்கு எத்தன மீட்டர் வேணும்?"

விரல் அகலம் போதும் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னை அந்தக் கடையில் தனியாக விட்டதில்லை. யாராவது பின்னாலேயே வருவார்கள்.

ஏன் நீலம் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் ரப்பர் மரமும் ஆறும் கோயிலும் உண்டு, கடல் கிடையாது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கடல்தான். ஆனாலும் அது எங்களுக்குச் சுற்றுலா. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போவார்கள், மணலில் நின்று போட்டோ எடுப்பார்கள், நான் திரும்பும் வழியில் வாந்தி எடுப்பேன். ஆகவே கடலோரத்தில் மீன் சோறு என்றால் கடல்தானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் யோசிக்கிற நான் இதை மட்டும் யோசிக்கவே இல்லை.

நீலத் துணிகளை வரிசையாகக் குத்தினேன். காக்காவிடம் கேட்டு ஒரு பழைய வலைத் துண்டு வாங்கி மூலையில் தொங்கவிட்டேன். ஒரு கயிறு. நாலைந்து சிப்பி. ஒரு வள்ளம் படம். நடுவில், என் கம்ப்யூட்டரில் 'கடல்' என்ற ஃபோல்டரில் இருந்த படங்களில் ஆக அழகானதை எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, நாலு மூலையிலும் குண்டூசி குத்தினேன். நீலக்கடல், மேலே வெள்ளை மேகம், மேகத்துக்குள் இருந்து வெளிச்சம்.

கால்பந்துப் போட்டி நோட்டீசுக்கு வந்த ஒரு பையன் பார்த்துவிட்டு, "கடையில தூத்து வாரின குப்பைய ஒட்டி வச்சிருக்கியளா?" என்றான். ரசனை இல்லாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

'கடல்' என்ற ஃபோல்டர்

அக்கா சிலுவை போட்டதில் இருந்து தொடர்கிறேன்.

"அஞ்சலி போர்டு இல்லக்கா. இது உங்க கடைக்கு" என்றேன். 

அவள் பக்கத்தில் போனாள். நடுவில் இருந்த படத்தின் மேல் ஒரு விரலை வைத்தாள். "இது தம்பிக்க கடலுல்லா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய தம்பி கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கோயிலுக்கு முன்னால் வைத்த அஞ்சலி போர்டு எங்கள் கடையில்தான் அடித்தது. நான்தான் செய்தேன், இதே கடலைப் பின்னால் வைத்து; அக்கா அதைக் குவைத்தில் போனில் பார்த்திருப்பாள். கடற்கரைப் பக்கத்து ஆள் யார் இறந்தாலும் நான் பின்னால் கடலைப் போடுவேன். ரப்பர் தோட்டத்துப் பக்கம் இறந்தால் அருவி. டவுன்காரர்களுக்கு மேகம் மட்டும். அழகாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு ஒரு காரணமும் கிடையாது. 'கடல்' ஃபோல்டரில் இருந்தவை எல்லாமே அஞ்சலிக்காகச் சேர்த்த படங்கள்.

பார்க்கிறவருக்கு என்ன தோன்ற வேண்டும் என்பதற்குத்தான் மூட் போர்டு. அந்த வகையில் என் முதல் பலகை வேலை செய்துவிட்டது.

"நல்ல கடலுதான்" என்றாள் அக்கா. "ஒரு அல கூட இல்ல."

காக்கா எந்த வேலையும் இல்லாமலே பிரிண்டிங் மெஷினைப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.  மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. வழக்கம்போல அதிலும் பன்னிரண்டு மாதிரி மனசுக்குள் ஓடியது.

அவளே என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, உனக்கு என்னத்துக்கு இந்த வெப்ராளமும் பதட்டமும்? நீ மலைக்காரி, உனக்குக் கடல் படம். எங்களுக்கு அது கொல்லைக்குப் பொறத்தால கெடக்கு. ராவும் பகலும் அதுக்க சத்தம். உப்பு பிடிச்சு ஜன்னல் கம்பி வரைக்கும் போச்சு. சோறு திங்கச்சிலயாவது அது கண்ணுல படாம இருக்கட்டும்."

சொல்லிக்கொண்டே ஒவ்வொரு குண்டூசியாகக் கழற்றினாள். வலை போயிற்று. வள்ளம் போயிற்று. கடைசியில் கடலை எடுத்து இரண்டாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு பார்சல்காரிகள்

வெறும் தெர்மோகோல். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தங்கக் கலர்ல போடுவியா?" என்றாள் அக்கா. "குவைத்துல ஒரு ஓட்டல் உண்டு. நடுவுல தண்ணி பீச்சும். மேல கண்ணாடி வெளக்கு தொங்கும். அது மாதிரி."

"அங்க சாப்பிட்டிருக்கீங்களாக்கா?"

"நான் எங்க? மேடம் திங்கும். நான் பிள்ளையள வச்சிட்டு வெளிய காருல இருப்பேன்." திரும்பி என்னைப் பார்த்தாள். "நீ ஓட்டல்ல இருந்து தின்னிருக்கியா?"

"எனக்குப் பார்சல்தான்க்கா. தனியா போனா எல்லாரும் பாக்குற மாதிரி இருக்கும்."

 அவள் சிரித்தாள் பாருங்கள், காக்கா மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பெண்கள் தைரியமாக ஏறிச் சாப்பிடுகிற ஓட்டலை உருவாக்க வந்திருக்கிற இரண்டு பேருமே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

"பின்ன எங்க இருந்துதான்க்கா நிம்மதியா சாப்பிட்டிருக்கீங்க?"

இதை நான் மூட் போர்டு சாஸ்திரப்படி கேட்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. குவைத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. சர்ச்சில் பூசை முடிந்து, குளச்சல்காரி ஒருத்தியின் அறைக்கு நாலைந்து பெண்களாகப் போவார்களாம். மடக்கு மேசை ஒன்று. அதன் மேல் பெரிய மஞ்சள் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. ஜன்னலில் ஆரஞ்சு நிறத் திரை. வெயில் அதன் வழியாக வந்து எல்லோருடைய முகத்திலும் ஒரே நிறத்தில் விழும். ஆளுக்கு ஒரு தட்டு. யாரும் எழுந்து பரிமாற வேண்டாம், பாத்திரம் நடுவில் இருக்கும். "கைய கழுவாம, காய விட்டு, பேசிட்டே இருப்போம் மக்கா. ஒருத்தியும் 'எழும்பு'ன்னு சொல்ல மாட்டா."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் சாமான் கடைக்கு ஓடினேன். மஞ்சள் பூ விரிப்பு இருந்தது. மேட்சிங் கடையில் ஆரஞ்சு வாங்கினேன். கடைக்காரர் இந்தமுறை ஒன்றும் கேட்கவில்லை, சீக்கிரம் போகட்டும் என்று வெட்டிக் கொடுத்தார். இரண்டையும் பலகையில் குத்தி வாசலில் வெயிலில் வைத்தோம். அக்கா தள்ளி நின்று பார்த்தாள்.

"கொள்ளாம்" என்றாள். கண்ணைத் துடைத்தாள். "இது மதி. இது போதும்."

போர்டு அதிலிருந்துதான் வந்தது. மஞ்சள் தரை, பெரிய பூக்கள், ஆரஞ்சு எழுத்து. கடல் இல்லை, வள்ளம் இல்லை. காக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "மீன் சோத்துக் கடையில ஒரு மீன் கூட இல்லேன்னா எப்பிடி பிள்ளே?" அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. யாருக்கும் தெரியாமல் வலது மூலையில் நகம் அளவுக்கு ஒரு மீனை வைத்தேன்.

அக்கா பிரிண்டைப் பார்த்ததும் அங்கேதான் விரலை வைத்தாள். "இந்தப் பூச்சி என்னது?"

மீன் போயிற்று.

எதிர்ப்பக்கத்தில் நான்

கடை திறந்த அன்று காக்கா என்னை அனுப்பிவைத்தார். "போர்டு நேரா இருக்கான்னு பாரு. இருந்து ஒரு சோறு தின்னுட்டு வா."

போர்டு நேராக இருந்தது. மஞ்சள்தான் திரையில் இருந்ததைவிட ஒரு சொட்டு கூடிவிட்டதோ என்று பட்டது. நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பஸ் நிறுத்தத்தில் நின்றேன். தூரத்தில் இருந்து பார்த்தால்தான் போர்டு தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உண்மையில் எனக்கு ஏறப் பயமாக இருந்தது. பெண்களை உள்ளே கூப்பிடுகிற போர்டைச் செய்தவள், அந்தப் போர்டைப் பார்த்துக்கொண்டே வாசலுக்குப் போக முடியாமல் நின்றாள். உள்ளே ஆண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்களுக்கு எந்த நிறமும் ஒன்றுதான், சோறு இருந்தால் வருவார்கள். பெண்கள் நடந்து போனார்கள். போர்டைப் பார்த்தார்கள், உள்ளே பார்த்தார்கள், அப்படியே போனார்கள். ஒருத்தி பார்சல் வாங்கிக்கொண்டு போனாள். அக்கா வாசல் மேசையைத் துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதே மேசையைத் திரும்பவும் துடைத்தாள். மஞ்சள் கூடிவிட்டது, அதனால்தான் யாரும் வரவில்லை, அக்கா குவைத்துக்குப் போகப்போகிறாள், ஷைனி அழப்போகிறாள் என்று நான் வரிசையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியான பஸ் வந்தது. கருங்கல் பக்கம் மீன் விற்றுவிட்டுத் திரும்புகிற பெண்கள் இறங்கினார்கள். மீன் சுமக்கிற அலுமினியப் பாத்திரங்களான சருவங்கள், காலியாக இடுப்பில். விடிவதற்கு முன்னால் கரையில் மீன் எடுத்து, தலையில் சுமந்து, வீடு வீடாக ஏறி இறங்கி வருகிறவர்கள். மீன் நாற்றம் என்று இவர்களை எந்த ஓட்டலிலும் உட்காரவிட மாட்டார்கள். வெளியே நின்று சாயா குடித்துவிட்டுப் போவார்கள்.

அதில் மூத்தவள் புஷ்பம் என்று பிற்பாடு தெரிந்தது. திறந்த வாசல் வழியாக, மேசையில் அக்கா விரித்திருந்த மஞ்சள் பூ விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏட்டி ஸ்டெல்லா, நாங்க ஏறலாமா?"

கேட்டது சத்தமாகத்தான். ஆனால் ஏறுகிற மாதிரி அவள் கால் அசையவில்லை. வேண்டாம் என்று சொல்வார்கள், திரும்பிவிடலாம் என்று நிற்கிற நிலை. அந்த நிலை எனக்கு நன்றாகத் தெரியும். அதே மாதிரிதான் நானும் எதிரே நின்றேன்.

அக்கா துணியைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். "பின்ன யாருக்குக் கட திறந்து வச்சிருக்கேன்? சருவத்த வெளிய வச்சிட்டு ஏறுங்க. எந்தக் கள்ளனும் எடுக்க மாட்டான்."

சருவங்கள் சுவரோரமாக, என் போர்டுக்குக் கீழே, வெயிலில் பளபளவென்று வரிசையாக உட்கார்ந்தன. பெண்கள் ஏறினார்கள். கடைசியாக ஏறப்போன புஷ்பம் அக்கா ரோட்டுக்கு அப்பால் நின்ற என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ என்ன நிக்க? பஸ்ஸுக்கா, சோத்துக்கா?"

"போர்டு பாக்குறேன்" என்றேன்.

"போர்டு பாத்தா வயிறு நெறையுமா? ஏறி வா."

முன் மேசையில், அவளுக்கும் இன்னொருத்திக்கும் நடுவில் உட்காரவைத்தாள். மீன் மணம் இருந்தது. சீக்கிரமே அது தெரியாமல் போயிற்று. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அக்கா மீன் குழம்பைத் தூக்கிக்கொண்டு வர, புஷ்பம் அக்கா கையை நீட்டித் தடுத்தாள். "விடிஞ்சதுல இருந்து தலையில மீனாக்கும். போர்டுல மீன் இல்லன்னு பாத்துட்டுத்தான் ஏறினேன். பருப்பு உண்டா?"

பருப்பு இல்லை. அக்கா மகளைப் பக்கத்து வீட்டுக்கு விரட்டினாள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் என் மஞ்சளைப் பார்த்து வந்தார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். இல்லை. அடுத்த பஸ்ஸில் இறங்கிய பெண்கள் போர்டுக்குக் கீழே இருந்த சருவங்களைப் பார்த்தார்கள். உள்ளே பெண்கள் இருக்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் தூங்காமல் யோசித்துச் செய்தது ஒரு பலகை. அது பாதி வேலை. மீதிப் பாதியைக் காலிப் பாத்திரங்கள் செய்தன.

ஓணம் கழிந்தது. ஏஜென்ட் கூப்பிட்டபோது அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். ஷைனிதான் போனை எடுத்து, "அம்மாக்குக் கை ஒழியாது" என்று வைத்தாளாம்.

அடுத்த வருஷம் போர்டு வெயிலில் வெளிறிப்போனதும் அக்கா கடைக்கு வந்தாள். "எல்லாம் அதே மாதிரி போடு மக்கா. கீழ ஒரு சருவத்தையும் சேத்து வை."

"கவிழ்த்தி வைக்கவா, நிமித்தி வைக்கவா அக்கா? ஒண்ணா, மூணா? பளபளன்னா, பழசா?"

காக்கா தலையில் கை வைத்தார். அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "கடைக்கு வந்து பாத்துட்டு செய்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

போனேன். அதற்குப் பிறகும் பலநாள் போனேன். முன் மேசையில், மஞ்சள் பூவின் மேல் தட்டை வைத்துக்கொண்டு, வெளியே இருந்த சருவங்களைப் பார்த்து யோசித்தபடி மெதுவாகச் சாப்பிட்டேன். தனியாக.